கண்ணில் மாட்டும் கருவி டெலிவிஷனை விரட்டிவிடுமா?

இரவு 8 மணி. சாப்பாடு முடிந்துவிட்டது. வீட்டில் உள்ளவர்கள் கூடத்தில் வந்து உட்காருகிறார்கள்.

தாத்தா நாற்காலியில் இருக்கிறார். பாட்டி சுவர் ஓரமாகச் சாய்ந்து இருக்கிறார். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் பாயில் இருக்கிறார்கள்.

ஆனால், யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆறு பேரும் ஆளுக்கு ஒரு கருவியை முகத்தில் மாட்டிக்கொண்டு இருக்கிறார்கள். அது கண்ணை மூடியிருக்கிறது. காதிலும் அதன் சத்தமே கேட்கிறது.

தாத்தா கிரிக்கெட் பந்தயம் பார்க்கிறார். பாட்டி கோவில் திருவிழா பார்க்கிறார். மகன் காற்றில் கத்தி வீசுகிறான். மகள் எதையோ பார்த்துச் சிரிக்கிறாள். எதற்குச் சிரித்தாள் என்று அம்மாவுக்குத் தெரியாது.

சுவரில் டெலிவிஷன் இருந்த இடத்தில், ஆணி மட்டும் இருக்கிறது!

இப்படி ஒரு நாள் வருமா?

"வரும்" என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நாளை எதிர்பார்த்து, உலகின் மிகப் பெரிய கம்பெனிகள் கோடிக்கணக்கான டாலரைக் கொட்டியிருக்கின்றன. "வராது" என்று சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள்.

எது சரி? பார்ப்போம்.

அது என்ன கருவி?

அந்தக் கருவிக்கு "வி.ஆர். ஹெட்செட்" என்று பெயர். வி.ஆர். என்பது "வெர்ச்சுவல் ரியாலிட்டி" என்பதன் சுருக்கம். தமிழில் "மெய்நிகர்" என்கிறார்கள். மெய்யைப் போலவே தோன்றும். ஆனால் மெய் அல்ல என்று பொருள்.

நீச்சல் அடிப்பவர்கள் கண்ணில் மாட்டும் கண்ணாடியைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பெரிதாக்கினால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும் இந்தக் கருவி. உள்ளே ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் ஓடும். படத்துக்கும் கண்ணுக்கும் நடுவே, பூதக் கண்ணாடி போல ஒரு வில்லை இருக்கும்.

எதற்காக இரண்டு படம்?

ஒரு விரலை மூக்குக்கு நேராக நீட்டுங்கள். வலது கண்ணை மூடிக்கொண்டு விரலைப் பாருங்கள். பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். விரல் இடம் மாறுவது போலத் தோன்றும். காரணம், இரண்டு கண்களும் ஒரே காட்சியைப் பார்ப்பதில்லை. சற்று வேறுபட்ட இரண்டு காட்சிகளைப் பார்க்கின்றன. மூளை இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கிறது. எது பக்கத்தில் இருக்கிறது, எது தூரத்தில் இருக்கிறது என்று நமக்குத் தெரிவது அதனால்தான்.

இந்த ரகசியத்தைத்தான் வி.ஆர். கருவி பயன்படுத்துகிறது.

இன்னொரு வித்தையும் உண்டு. தலையைத் திருப்பினால், படமும் அதற்குத் தக்கபடி மாறும். அண்ணாந்து பார்த்தால் வானம் தெரியும். குனிந்தால் தரை தெரியும். திரும்பிப் பார்த்தால், முதுகுக்குப் பின்னால் இருப்பது தெரியும். படம் பார்ப்பது போல இராது. படத்துக்குள்ளே போய் நிற்பது போல இருக்கும்.

டெலிவிஷன் ஒரு ஜன்னல் என்றால், வி.ஆர். கருவி ஒரு வாசல்.

பழைய விதை

இது நேற்று முளைத்த எண்ணம் அல்ல.

1838-ம் ஆண்டிலேயே, இங்கிலாந்து விஞ்ஞானி சார்லஸ் வீட்ஸ்டன் இரண்டு கண்ணுக்கும் இரண்டு படம் காட்டும் கருவி ஒன்றை விளக்கினார். அப்போது போட்டோ கூட மக்களிடம் வந்திருக்கவில்லை. கையால் வரைந்த படங்களை வைத்தே அவர் அதைக் காட்டினார்.

1968-ம் ஆண்டு, அமெரிக்க விஞ்ஞானி ஐவன் சதர்லாண்ட் தலையில் மாட்டும் கம்ப்யூட்டர் கருவி ஒன்றைச் செய்தார். அதைக் கூரையிலிருந்து வந்த கம்பத்தோடு இணைத்திருந்தார்கள். அதில் தெரிந்தவை வெறும் கோடுகளால் ஆன உருவங்கள்தான். ஆனால் தலையைத் திருப்பினால், அந்த உருவங்களும் இடம் மாறின. இன்றைய கருவிகளுக்கு அதுவே முன்னோடி.

1995-ல் ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி, "வெர்ச்சுவல் பாய்" என்ற விளையாட்டுக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் படம் சிவப்பு நிறத்தில் மட்டுமே தெரிந்தது. மக்கள் அதை விரும்பவில்லை. ஓர் ஆண்டு முடிவதற்குள் கம்பெனி அதைக் கைவிட்டுவிட்டது.

அதோடு கதை முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். முடியவில்லை.

கோடி கோடியாகக் கொட்டினார்கள்

2012-ம் ஆண்டு, பால்மர் லக்கி என்ற 19 வயது அமெரிக்க வாலிபர், "புதிய வி.ஆர். கருவி செய்யப்போகிறேன், பணம் கொடுங்கள்" என்று பொதுமக்களைக் கேட்டார். அவர் கேட்டது 2½ லட்சம் டாலர். குவிந்ததோ 24 லட்சம் டாலர்!

இரண்டே ஆண்டில், பேஸ்புக் கம்பெனி அவருடைய கம்பெனியை சுமார் 200 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2021-ல் பேஸ்புக் கம்பெனி தன் பெயரையே "மெட்டா" என்று மாற்றிக்கொண்டது. வருங்காலம் இந்த மாய உலகில்தான் இருக்கிறது என்று அது நம்பியது.

ஆனால், நம்பிக்கைக்கு விலை பெரிதாக இருந்தது. இந்தக் கருவிகளையும் அவற்றுக்கான ஆராய்ச்சியையும் கவனிக்கும் பிரிவில், மெட்டா கம்பெனிக்கு 2022-ல் சுமார் 1,370 கோடி டாலர் நஷ்டம். 2023-ல் 1,610 கோடி டாலர் நஷ்டம். 2024-ல் 1,770 கோடி டாலர் நஷ்டம். மூன்றே ஆண்டில் 4,700 கோடி டாலருக்கு மேல் போய்விட்டது!

2024 பிப்ரவரியில், ஆப்பிள் கம்பெனியும் களத்தில் குதித்தது. "விஷன் புரோ" என்ற கருவியை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 3,499 டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 2 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய். 2025-ல் சாம்சங் கம்பெனியும் 1,799 டாலர் விலையில் ஒரு கருவியை வெளியிட்டது.

இவ்வளவு பணமும் இவ்வளவு மூளையும் செலவாகியும், விற்பனை எப்படி இருக்கிறது?

2023-ம் ஆண்டில் உலகம் முழுவதும் விற்பனைக்குச் சென்ற டெலிவிஷன் பெட்டிகள் சுமார் 20 கோடி. தலையில் மாட்டும் கருவிகள் ஒரு கோடியைக்கூட எட்டவில்லை.

கருவியின் பெருமை

கருவியைக் குறை சொல்லுவதற்கு முன், அதன் பெருமையையும் சொல்லிவிட வேண்டும். அதுதான் நியாயம்.

விஷன் புரோ கருவியில் உள்ள இரண்டு சிறு திரைகளிலும் சேர்த்து 2 கோடியே 30 லட்சம் ஒளிப் புள்ளிகள் இருக்கின்றன. கடைகளில் விற்கும் "4கே" டெலிவிஷனில் இருப்பது சுமார் 83 லட்சம் புள்ளிகள்தான். அதாவது, ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு பெரிய டெலிவிஷனை விட அதிகப் புள்ளிகள்!

பத்துக்குப் பத்து அறையில் குடியிருக்கிறவரும், சினிமாக் கொட்டகை அளவு திரையில் படம் பார்க்கலாம். சுவரில் ஆணி அடிக்க வேண்டாம். பக்கத்து அறையில் தூங்கும் குழந்தைக்குத் தொந்தரவு இல்லை. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவனுக்கும், நெடுந்தூரம் ரெயிலில் போகிறவருக்கும் இது பெரிய வசதி.

விளையாட்டுப் பந்தயங்களையும் இதில் காட்டியிருக்கிறார்கள். 2015 அக்டோபரில், அமெரிக்காவில் நடந்த கூடைப்பந்து பந்தயம் ஒன்றை வி.ஆர். முறையில் நேரடியாக ஒளிபரப்பினார்கள். வீட்டில் இருந்தவர்கள், மைதானத்தின் முன் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

இன்னும் ஒன்று. மகன் வெளிநாட்டில் இருக்கிறான். பெற்றோர் ஊரில் இருக்கிறார்கள். இரு பக்கமும் கருவி இருந்தால், மாயக் கூடம் ஒன்றில் "பக்கத்தில் பக்கத்தில்" உட்கார்ந்து ஒரே படத்தைப் பார்க்கலாம். பிரிந்து வாழும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் அல்ல.

பிறகு ஏன் டெலிவிஷன் பெட்டி அசையாமல் இருக்கிறது?

நான்கு தடைகள் இருக்கின்றன.

முதல் தடை: பாரம்

2024-ல் வந்த விஷன் புரோவின் எடை 600 முதல் 650 கிராம். உரித்த தேங்காய் ஒன்றின் எடை! பேட்டரி தனி. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அதிலிருந்து கருவிக்கு ஒரு வயர் போகும். 2023-ல் வந்த மெட்டாவின் "குவெஸ்ட் 3" கருவியும் அரைக் கிலோவுக்குச் சற்று அதிகம்.

தேங்காயை நெற்றியில் கட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார முடியும்? கழுத்து வலிக்கும். கன்னத்தில் தடம் விழும். வேர்க்கும்.

பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்? படம் பார்த்தால் இரண்டரை மணி நேரம் என்று ஆப்பிள் கம்பெனி சொன்னது. நம் ஊர்ப் படம் ஒன்று முடிவதற்கும், பேட்டரி தீர்வதற்கும் சரியாக இருக்கும்! வயரை மின்சாரத்தில் செருகியே வைத்துப் பார்க்கலாம். ஆனால், கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டி போல ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது தடை: தலைசுற்றல்

ஓடும் பஸ்சில் புத்தகம் படித்தால் சிலருக்குக் குமட்டும். ஏன்? காதுக்குள் ஓர் உறுப்பு இருக்கிறது. உடல் அசைகிறதா, நிற்கிறதா என்று மூளைக்குச் சொல்லுவது அதன் வேலை. "உடல் அசைகிறது" என்று காது சொல்லுகிறது. "எதுவும் அசையவில்லை" என்று புத்தகத்தைப் பார்க்கும் கண் சொல்லுகிறது. மூளை குழம்புகிறது. தலை சுற்றுகிறது.

வி.ஆர். கருவியில் இதற்கு நேர் மாறாக நடக்கிறது. மலைமேல் பறப்பதாகக் கண் சொல்லுகிறது. நாற்காலியில் இருப்பதாகக் காது சொல்லுகிறது. எல்லோருக்கும் இந்தத் தொல்லை வருவதில்லை. ஆனால், வருகிறவர்கள் கருவியைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

கண்ணுக்கும் ஒரு சிரமம் உண்டு. பக்கத்தில் இருக்கும் பொருளைப் பார்க்கும்போது, இரண்டு கண்களும் உட்பக்கம் திரும்புகின்றன. கண்ணுக்குள் இருக்கும் வில்லையும் அந்தத் தூரத்துக்குத் தக்கபடி மாறுகிறது. இந்த இரண்டு வேலைகளும் எப்போதும் சேர்ந்தே நடக்கும். வி.ஆர். கருவியில், படத்தில் உள்ள பொருள் பக்கத்தில் வந்தால் கண்கள் திரும்புகின்றன. ஆனால் திரை இருக்கும் தூரம் மாறுவதில்லை. அதனால் வில்லை பழையபடியே இருக்க வேண்டியிருக்கிறது. சேர்ந்து உழும் இரண்டு மாடுகளை ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தால் எப்படி? கண் களைத்துப்போகிறது.

குழந்தைகள் விஷயத்தில் கம்பெனிகளே எச்சரிக்கையாக இருக்கின்றன. 10 வயது ஆகாத குழந்தைகளுக்கு இது வேண்டாம் என்று மெட்டா கம்பெனி சொல்லுகிறது. 13 வயது ஆகாதவர்களுக்கு வேண்டாம் என்று ஆப்பிள் கம்பெனி சொல்லுகிறது. டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் பேரனை மடியில் வைத்துக்கொள்ளலாம். இந்தக் கருவியில் பேரனுக்கு இடமே இல்லை!

மூன்றாவது தடை: விலை

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வீட்டில் ஐந்து பேர். ஒரு டெலிவிஷன் வாங்கினால் ஐந்து பேரும் பார்க்கலாம். விருந்தாளி ஐந்து பேர் வந்தால் அவர்களும் பார்க்கலாம். கூடுதல் செலவு எதுவும் இல்லை.

வி.ஆர். கருவி ஒரு தலைக்கு ஒன்று வேண்டும். குவெஸ்ட் 3 வெளிவந்தபோது அதன் விலை 499 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 41 ஆயிரம் ரூபாய். ஐந்து பேருக்கு 2 லட்சத்துக்கு மேல்! விஷன் புரோ என்றால், ஐந்து பேருக்கு பதினாலரை லட்சம் ரூபாய்!

மாமனார் வீட்டார் வந்தால் என்ன செய்வது? "கொஞ்சம் இருங்கள், கடைக்குப் போய் இன்னும் நாலு கருவி வாங்கிவருகிறேன்" என்று சொல்லுவதா?

தடைகள் உடையலாம்

இந்த மூன்று தடைகளும் என்றைக்கும் இருக்கும் என்று நினைக்கக் கூடாது.

டெலிவிஷன் எப்படித் தொடங்கியது என்று பாருங்கள். 1926-ம் ஆண்டு ஜனவரி 26-ந்தேதி, லண்டனில் ஜான் லோகி பேர்டு என்பவர், விஞ்ஞானிகளை அழைத்துத் தன்னுடைய கருவியைக் காட்டினார். மொத்தம் 30 கோடுகளால் ஆன மங்கலான படம் அது. முகம் ஆடியது, மங்கியது. அன்று அதைப் பார்த்தவர்கள், இது ஒரு நாள் வீட்டுக்கு வீடு வரும் என்று நம்பியிருப்பார்களா?

ஆனால், வந்தது.

வி.ஆர். கருவியும் அப்படியே மாறலாம். பாரம் குறையலாம். 2025-ல் மெட்டா கம்பெனி, கண்ணாடிக்குள் சிறு திரை வைத்த மூக்குக் கண்ணாடியையே வெளியிட்டிருக்கிறது. அதன் எடை 70 கிராம் கூட இல்லை. படம் பார்க்கும் அளவுக்கு அதன் திரை பெரிதல்ல. ஆனாலும், வழி எந்தப் பக்கம் போகிறது என்பதை அது காட்டுகிறது. விலையும் இறங்கலாம். தலைசுற்றலுக்கும் மருந்து கண்டுபிடிக்கலாம்.

அப்படியானால் டெலிவிஷன் போய்விடுமா?

அங்கேதான் நான்காவது தடை நிற்கிறது. அதை எந்தத் தொழிற்சாலையாலும் எளிதில் உடைக்க முடியாது.

நான்காவது தடை

இதைப் புரிந்துகொள்ள, டெலிவிஷன் எப்படி வளர்ந்தது என்று பார்க்க வேண்டும்.

1953 ஜூன் 2-ந்தேதி, இங்கிலாந்தில் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழா நடந்தது. அதை டெலிவிஷனில் காட்டினார்கள். அப்போது அந்த நாட்டில் இருந்தவை சுமார் 27 லட்சம் பெட்டிகள்தான். பார்த்தவர்களோ 2 கோடிக்கும் மேல்! ஒரு பெட்டிக்கு ஏழு, எட்டுப் பேர். பெட்டி இல்லாதவர்கள், பெட்டி இருந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகே, "நமக்கும் ஒரு பெட்டி வேண்டும்" என்ற ஆசை நாடு முழுவதும் பரவியது.

இந்தியாவில், 1959 செப்டம்பர் 15-ந்தேதி டெல்லியில் டெலிவிஷன் தொடங்கியது. வாரத்தில் இரண்டே நாள்தான் ஒளிபரப்பு. அந்தப் பெட்டிகளைத் தனி வீட்டில் வைக்கவில்லை. பலர் கூடிப் பார்க்கும் பொது இடங்களில் வைத்தார்கள்.

1975 ஆகஸ்டு முதல் ஓர் ஆண்டு காலம், செயற்கைக்கோள் வழியாக, 6 மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டெலிவிஷன் காட்டினார்கள். ஊருக்கு ஒரு பெட்டி. ஊரே திரண்டு வந்து பார்த்தது. பயிர் வேலை பற்றியும், குழந்தை வளர்ப்பு பற்றியும் அதில் சொன்னார்கள். பார்த்தவர்கள் அங்கேயே அதைப் பற்றிப் பேசினார்கள்.

நம் ஊரிலும் அப்படித்தான். 1975-ல் சென்னை டெலிவிஷன் நிலையம் தொடங்கியது. "ஒளியும் ஒலியும்" ஓடிய வெள்ளிக்கிழமைகளைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தெருவில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால், தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் அந்த வீட்டு ஜன்னலில் இருந்தார்கள்!

இந்த எல்லா இடத்திலும் நடந்தது ஒன்றுதான். பலர் சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரே காட்சியைப் பார்த்தார்கள். பார்க்கும்போதே, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டெலிவிஷனின் பலம் அதன் படத்தில் மட்டும் இல்லை. பக்கத்தில் இருக்கும் மனிதரை அது மறைப்பதில்லை. அதிலும் பெரும் பலம் இருக்கிறது.

பாட்டிக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது. திரையின் கீழே செய்தி ஓடுகிறது. பேத்தி அதைப் படித்துச் சொல்லுகிறாள். படத்தில் ஒரு பழைய பாட்டு வருகிறது. அந்தப் பாட்டு வந்த காலத்தில் தாம் எங்கே இருந்தோம் என்று பாட்டி கதை சொல்லுகிறார். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பார்க்கிறார். அப்பா பாதிப் படத்தில் தூங்கிவிடுகிறார். எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

"கிரிக்கெட் போடு", "நாடகம் போடு" என்று சண்டை வருகிறதே, அதுகூட ஒரு பாடம்தான். இன்று உனக்குப் பிடித்ததை நான் பார்க்கிறேன்; நாளை எனக்குப் பிடித்ததை நீ பார் என்று விட்டுக்கொடுக்கப் பழகுகிறோம்.

வி.ஆர். கருவியை மாட்டிய உடனே இவ்வளவும் அறுந்துபோகிறது. குழந்தை என்ன பார்க்கிறது என்று தாய்க்குத் தெரியாது. தாய் அழுதால் குழந்தைக்குத் தெரியாது.

இந்தக் குறை கம்பெனிகளுக்கும் தெரியும். விஷன் புரோ கருவியின் வெளிப்பக்கத்தில் ஒரு திரை வைத்திருக்கிறார்கள். எதற்காகத் தெரியுமா? கருவியை மாட்டியவருடைய கண்களின் படத்தை, எதிரே இருப்பவருக்குக் காட்டுவதற்காக!

முதலில் கண்ணை மூடினார்கள். பிறகு, கண்ணின் படத்தை வெளியே ஒட்டினார்கள். மனிதனுக்கு மனிதன் முகம் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையா?

கண்ணாடி போட்டு ஏமாந்த கதை

"மக்கள் பழகிவிடுவார்கள்" என்று சிலர் சொல்லுகிறார்கள். அவர்கள் ஒரு சமீபத்திய கதையைப் படிக்க வேண்டும்.

2009 டிசம்பரில் "அவதார்" என்ற ஆங்கிலப் படம் வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு முப்பரிமாணமாகப் பார்க்கும் படம் அது. உலகெங்கும் ஓடோ ஓடு என்று ஓடியது. உடனே டெலிவிஷன் கம்பெனிகள், "வீட்டிலும் முப்பரிமாணம்" என்று 2010 முதல் புதுப் பெட்டிகளை விற்றன. அமெரிக்காவில், விளையாட்டுக்கென்றே ஒரு முப்பரிமாண சேனல் தொடங்கியது.

என்ன ஆயிற்று? அந்தச் சேனல் 2013-ல் மூடப்பட்டது. பி.பி.சி.யும் அந்த ஆண்டோடு முப்பரிமாண நிகழ்ச்சிகளை நிறுத்திக்கொண்டது. 2016-ல் சாம்சங் கம்பெனியும், 2017-ல் எல்.ஜி., சோனி கம்பெனிகளும் அந்தப் பெட்டிகளைக் கைவிட்டன.

சினிமாக் கொட்டகையில் மூன்று மணி நேரம் கண்ணாடி போட்டவர்கள், வீட்டில் போட மறுத்துவிட்டார்கள்! அதுவும் சில கிராம் எடையுள்ள கண்ணாடி. ஒருவரை ஒருவர் பார்ப்பதற்கு அது பெரிய தடையும் அல்ல. அதையே கழற்றி எறிந்தவர்கள், அரைக் கிலோ கருவியைத் தினம் தினம் மாட்டுவார்களா?

அதற்கு ஏற்ற இடம்

அப்படியானால், வி.ஆர். கருவி வீண்தானா? இல்லவே இல்லை. அதற்கு ஏற்ற இடம் வேறு.

வானத்தில் சுற்றும் ஹப்பிள் தொலைநோக்கியில் கோளாறு இருந்தது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய் அதைச் சரிசெய்தார்கள். போவதற்கு முன்னால், பூமியிலேயே வி.ஆர். கருவியை மாட்டிக்கொண்டு அவர்கள் பயிற்சி பெற்றார்கள்.

தீப்புண் பட்டவர்களுக்குக் கட்டு மாற்றும்போது, வேதனை பொறுக்க முடியாது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், அவர்களுக்காக ஒரு வி.ஆர். விளையாட்டைச் செய்தார்கள். அதில் எங்கு பார்த்தாலும் பனி. நோயாளி பனி உருண்டைகளை வீசி விளையாடுவார். மனம் பனி உலகில் இருக்கும்போது, புண்ணின் வலி குறைவாகத் தெரிகிறது என்று கண்டார்கள்.

படுக்கையை விட்டு எழ முடியாதவருக்கு, கடற்கரையைக் காட்டலாம். அறுவைச் சிகிச்சை பழகும் மாணவருக்கு, ஆபத்து இல்லாமல் பயிற்சி கொடுக்கலாம்.

இங்கெல்லாம் ஓர் ஒற்றுமை இருப்பதைக் கவனியுங்கள். இருக்கும் இடத்தை மறந்து, ஒருவர் தனியாக வேறு இடத்துக்குப் போக வேண்டிய வேலைகள் இவை. அதற்கு வி.ஆர். கருவியைப் போல வேறொன்று இல்லை.

வீட்டுக் கூடத்துக்கு வருகிறவர், இருக்கும் இடத்தை மறக்க வருவதில்லை. அந்த இடத்தில் இருப்பதற்காகவே வருகிறார்.

திருடன் முன்பே வந்துவிட்டான்

எனவே, நம் தீர்ப்பு இது. வி.ஆர். கருவி டெலிவிஷனை விரட்டாது. சினிமா வந்தது, நாடகம் சாகவில்லை. டெலிவிஷன் வந்தது, சினிமாவும் ரேடியோவும் சாகவில்லை. ஒவ்வொன்றும் தனக்கு ஏற்ற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. வி.ஆர். கருவியும் அப்படியே உட்காரும். தனியாக இருப்பவரின் அறையிலும், ஆஸ்பத்திரியிலும், பயிற்சிக் கூடத்திலும் அதற்கு நாற்காலி உண்டு.

ஆனால், "அப்பாடா, நம் கூடம் பிழைத்தது" என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம்.

இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் ஒரு காட்சி சொன்னோம். ஆறு பேர் ஒரே கூடத்தில். ஆளுக்கு ஒரு படம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அதை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். முகத்தில் இருக்கும் கருவியை எடுத்துவிட்டு, ஒவ்வொருவர் கையிலும் ஒரு செல்போனை வையுங்கள்.

பார்த்த மாதிரி இருக்கிறதா?

கதவைப் பூட்டிவிட்டு, திருடன் வருவான் என்று வாசலில் காத்திருக்கிறோம். அவனோ முன்பே வந்து, நம் சட்டைப் பையில் உட்கார்ந்திருக்கிறான்! டெலிவிஷன் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன் எதிரே நாலு பேர் இருக்கிறார்கள். நாலு பேரும் குனிந்து நாலு செல்போனைப் பார்க்கிறார்கள்.

இதற்குப் பெரிய மருந்து எதுவும் வேண்டாம். இரவில் ஒரு மணி நேரம் போதும். எல்லோருடைய செல்போனையும் ஒரு தட்டில் போட்டு அலமாரியில் வையுங்கள். செய்தியோ, படமோ, பந்தயமோ, ஏதாவது ஒன்றை எல்லோரும் சேர்ந்து பாருங்கள். எதைப் பார்ப்பது என்று சண்டை வரும். வரட்டும்! அந்தச் சண்டைக்காகவாவது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பீர்கள்.